ஆரம்பிச்ச கை

வாங்க தம்பி, வாங்க. போன்ல பேசினது நீங்கதானே? செருப்பை உள்ளேயே விடுங்க, வெளியில விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும். உட்காருங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுவோம், உள் ரூம்ல என் சம்சாரம் தூங்கறாங்க. உடம்பு முடியாதவங்க. மத்தியானம் சாப்பிட்டா ஒரு மணி நேரம் கண்ணசருவாங்க. அதனாலதான் உங்களை இந்த நேரத்துக்கு வரச் சொன்னேன்.

அந்த டைம்பீஸைப் பார்க்காதீங்க, அது ஓடல. நேத்து நாலு பத்தோட நின்னு போச்சு. சாமி அலமாரியில இன்னொண்ணு இருக்கு, அதுவும் ஓடல. தை மாசத்துலேருந்து ரெண்டுக்கும் மூணு தடவை புது பேட்டரி போட்டாச்சு. போட்ட கொஞ்ச நாள்லயே செத்துப் போகுது. கடைக்காரர்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். டைம்பீஸ்ல போட்டா வருஷக்கணக்கா ஓடுமே சார்ங்கறார். எனக்கா தெரியாது? இப்ப வர்றது பூரா போலி. நான் முப்பத்தோரு வருஷம் பாய்லர் கம்பெனியில இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன். வெல்டிங்ல மயிரிழை விரிசல் இருந்தா நாலடி தள்ளி நின்னே சொல்லிடுவேன். என் கையெழுத்து இல்லாம ஒரு குழாய் கேட்டைத் தாண்டினதில்ல.

நீங்க கேட்ட வீடியோ கேம் பெட்டி இதோ இருக்கு, டி.வி.க்குக் கீழ. நாலரை மாசமா யாரும் தொடல. ஆனாப் பாருங்க, ஒரு பொட்டு தூசி இருக்கா? சாமானை வைக்கிற இடத்துல வச்சா தூசி அண்டாது. விலை நீங்க சொன்னதே போதும், அதுல பேச்சில்ல. இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடணும், அதுதான் முக்கியம். ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வர்றா. அதுக்குள்ள இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது.

ஏன்னா, இடம் அடைக்குது. ஆடறதுக்கும் ஆள் இல்ல.

உங்க வீட்டம்மா ஆடுவாங்களா? கல்யாணம் ஆகி எட்டு மாசமா. நல்லது. ஒண்ணு சொல்றேன், ஆரம்பத்துலயே ஒரு சட்டம் எழுதி வச்சுக்கங்க. இல்லேன்னா விளையாட்டு வினையாயிடும்.

எங்களுக்கு இது எப்படி வந்துச்சுன்னா, போன சித்திரையில நான் ரிட்டயர் ஆனேன். முப்பத்தோரு வருஷம் ஷிப்டுக்குப் போயிட்டு வந்தவனுக்கு வீட்டுல என்ன பேசறதுன்னு தெரியல. தமயந்திக்கும் தெரியல. தமயந்தி எங்க வீட்டுல. சாம்பார்ல உப்பு சரியா இருக்கான்னு கேப்பா, இருக்கும்பேன், அன்னிக்குப் பேச்சு அதோட சரி. என் பொண்ணு சுபா ஹைதராபாத்துல இருக்கா, ஒத்தைப் பொண்ணு. வந்து ரெண்டு நாள் இருந்து பார்த்தா. என்னப்பா இது, பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருக்கற மாதிரி ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்கீங்கன்னா. அடுத்த மாசம் இந்தப் பெட்டியோட வந்து இறங்கினா.

ஆட்டம் என்னன்னா, கோல்ஃபு. நமக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க. திருவெறும்பூர்ல யார் கோல்ஃபு ஆடினா? ஆனா பழகிடுச்சு. பச்சைப் புல்லு, ஒன்பது குழி. கம்மி அடியில யாரு பந்தைத் தள்ளறாங்களோ அவங்களுக்கு ஜெயம். இந்த ஒத்தைக் குச்சிதான், மாத்தி மாத்தி வாங்கிக்கணும். நாம இங்க வீசினா டி.வி.க்குள்ள நம்ம பொம்மை வீசும். சிரிப்பு ஆட்டம் அது. கொடி பிடிக்கறது ஒரு கரடி. பந்து மரத்துல பட்டா அணில் இறங்கி வந்து மோந்து பார்க்கும். ஏழாவது குழிக்கு வலது பக்கம் ஒரு குளம். அதுல பந்து விழுந்தா ஒரு தவளை தலையைத் தூக்கி, பந்தை நம்ம பொம்மை மேலயே துப்பும். பொம்மை தொப்புன்னு உட்கார்ந்து அழும்.

பொம்மையெல்லாம் சுபா செஞ்சு கொடுத்ததுதான். எனக்கு மீசை, வழுக்கை, கண்ணாடி. அவங்கம்மாவுக்குக் கொண்டை போட்டா. பொட்டு வைக்க அதுல வழி இல்ல, மச்சம்தான் இருந்துச்சு. அந்த மச்சத்தைப் பெருசாக்கி நெத்தி நடுவுல வச்சுட்டா. புடவையும் இல்ல. பேண்ட் போட்டுக்கிட்டு நிக்கற பொம்மையைப் பார்த்து தமயந்தி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம், அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. இல்ல, சிரிச்சிருப்பா. நான் ஷிப்டுல இருந்திருப்பேன்.

எதுலயும் ஒரு முறை வேணும். ஒரு தாள்ல எழுதி இதோ இந்த டி.வி. பக்கத்துல ஒட்டினேன். நாலு மணிக் காபிக்கு அப்புறம் நாளைக்கு ஒரு ஆட்டம். அடிக்கும்போது அடுத்தவங்க பேசக் கூடாது. தப்பாப் போச்சு திரும்ப அடிக்கறேன்னு கேக்கக் கூடாது. எந்தக் கையில ஆரம்பிச்சமோ அந்தக் கையிலேயே கடைசி வரைக்கும் ஆடணும். பெட்டியே முதல்ல கேக்கும், வலது கையா இடது கையான்னு. ரெண்டு பேருமே வலதுன்னு சொல்லியாச்சு. சொன்னா சொன்னதுதான்.

அவதான் ஜெயிப்பா. தினம் அவதான். நான் காத்து எந்தப் பக்கம், மேடு எவ்வளவு, சாய்வு எவ்வளவுன்னு பார்த்து நிதானமா அடிப்பேன், பந்து புதருக்குள்ள போயிடும். அவ வந்து, கண்ணைச் சுருக்கிக்கிட்டு, சும்மா மணிக்கட்டை ஒரு சுழட்டு. நேராக் குழிகிட்ட போய் நிக்கும். எப்படிடின்னு கேட்டா, கோலப்பொடி விடற மாதிரிதாங்க, கை இறுக்கமா இருந்தா கோடு உடைஞ்சுடும்பா. ஒன்பது குழிக்கு அவளுக்கு நாற்பது அடி, எனக்கு நாற்பத்தேழு. ஆனி மாசம் பூரா இப்படித்தான். வாக்கிங் போற இடத்துல சொல்ல முடியுமா? வெக்கமா இருக்காதா?

ஆடி பதினெட்டு அன்னிக்கு முதல் தடவை ஜெயிச்சேன். காவேரிக்குப் போயிட்டு, எலுமிச்சை சாதம், தேங்கா சாதமெல்லாம் சாப்பிட்டுட்டு வந்து, நாலு மணிக்கு ஆடினோம். அவ பந்து ஏழாவது குழியில குளத்துல விழுந்துச்சு. தவளை துப்புச்சு. மறுபடி அடிச்சா, மறுபடி குளம். நான் நாற்பத்தாறு, அவ ஐம்பத்திரண்டு. சுபாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அம்மா விட்டுக் கொடுத்திருப்பாங்கப்பான்னு சிரிச்சா.

அதுக்கப்புறம் நான் நிறுத்தல தம்பி. எண்பத்தாறு நாள் ஆடினோம், எழுபத்தொம்பது ஆட்டம் எனக்கு. என் ஆட்டம் தேறிடுச்சுன்னு நினைச்சேன். நினைக்கறதுல என்ன தப்பு? அவ பந்து எல்லாம் வலது பக்கமாவே ஓடும். குளத்தைக் குறி பார்த்தே அடிக்கிறியா, தவளைக்குச் சாப்பாடு போடறியான்னு கேப்பேன். முதல்ல அவளும் சிரிச்சா. ஆவணியில சிரிக்கறதை விட்டுட்டா. தோக்கறவங்களுக்குச் சிரிப்பு வராதில்ல, நான் அதைக் குத்தம் சொல்லல. கோலமும் அப்பத்தான் கோணலாப் போட ஆரம்பிச்சா. வாசல்ல இழை இழையா உடைஞ்சு கிடக்கும். ஆட்டத்துல இருக்கற கோபத்தை வாசல்ல காட்டாதேன்னு சொன்னேன்.

ஒரு நாள், புரட்டாசி முதல் சனிக்கிழமைன்னு ஞாபகம், டி.வி.யில பார்த்தா அவ பொம்மை அந்தப் பக்கமாத் திரும்பி நிக்குது. இடது கை. என்னைக் கேக்காம உள்ள போய் மாத்தியிருக்கா. என்ன இதுன்னேன். வலது கை சொன்னபடி கேக்க மாட்டேங்குதுங்க, இந்தக் கையில ஆடிப் பார்க்கறேனேன்னா. தாளைக் காட்டினேன். நாலாவது வரி. நீயும் ஒத்துக்கிட்டுத்தானே ஒட்டினோம்னேன். அவ திரும்ப வலதுக்கு மாத்திட்டா. அன்னிக்கு ஏழாவது குழியில மட்டும் அஞ்சு தடவை குளத்துல போட்டா.

அதுலேருந்து ஒரு பழக்கம் வந்துச்சு பாருங்க, எதையும் இடது கையிலேயே நீட்டறது. குச்சியைக் கொடுத்தா இடது கை. காபி டம்ளரை நீட்டினா இடது கை. விபூதித் தட்டுகூட. எனக்கு ஏறிடுச்சு. மனுஷனை மதிக்கறவ இப்படிக் கொடுப்பாளா? விளையாட்டுல தோத்ததுக்கு இப்படிப் பழி வாங்கறாளேன்னு நினைச்சேன். என்கூட வேலை பார்த்த மாணிக்கராஜ், அவர் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார், சம்சாரத்தோட. பழம், வெத்தலை, குங்குமம், நடுவுல பத்திரிகை, தட்டை ரெண்டு கையால நீட்டறாங்க அந்தம்மா. இவ ஒத்தைக் கையில வாங்கறா. அதுவும் இடது கை. வலது கை முந்தானைக்குள்ள இருக்கு. அந்தம்மா மூஞ்சி செத்துப் போச்சு. தட்டை டேபிள் மேல வச்சுட்டு உட்கார்ந்தாங்க. காபிகூடக் குடிக்கல.

அவங்க போனப்புறம் கத்தினேன். நல்ல காரியத்துக்கு வந்தவங்களை இப்படியா அவமானப்படுத்துவேன்னு கத்தினேன். மூணு நாள் பேசல. ஆட்டம் நிக்கல, நாலு மணிக்கு உட்காருவோம், ஆடுவோம், பேச மாட்டோம். மூணு நாளும் நான்தான் ஜெயிச்சேன்.

என் மனத்தாங்கல் இதுதான் தம்பி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலாமில்ல? கை சொன்னபடி கேக்கலைன்னு சொன்னா, அது சாக்குன்னுதானே தோணும்? கை மரத்துப் போகுதுங்க, டம்ளர் நழுவுதுங்க, டாக்டர்கிட்ட போகலாம்னு சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போக மாட்டேனா? என்ன மனுஷன் நான்?

தீபாவளிக்கு மறுவாரம். ஏழாவது குழி. அவ குச்சியை ஓங்கினா. கை அப்படியே விட்டுடுச்சு. குச்சி பறந்து போய் டி.வி. மூலையில பட்டுச்சு. இதோ பாருங்க, இந்தக் கீழ் மூலையில, வெளிச்சத்துக்கு எதிர்ல பார்த்தாத் தெரியும். மயிரிழை விரிசல். யாரு கண்ணுக்கும் தெரியாது, நான் அப்பவே பார்த்துட்டேன். குனிஞ்சு அதைத்தான் தடவிப் பார்த்துக்கிட்டிருந்தேன். உங்ககிட்டப் பொய் சொல்வானேன், முதல்ல டி.வி.யைத்தான் பார்த்தேன். திரும்பினப்ப அவ தரையில கிடக்கா. உடம்பு வெட்டி வெட்டி இழுக்குது. டி.வி.யில அவ பொம்மை அடிக்கறதுக்காக அசையாம நின்னுக்கிட்டிருக்கு.

மூளையில கட்டி. இடது பக்கம். அதுதான் வலது கையைப் பிடிச்சிருக்கு. மெதுமெதுவா வளர்ந்திருக்கு. தஞ்சாவூர்லேருந்து வந்த டாக்டர், சின்ன வயசு, நல்லவர். எப்பலேருந்து கையில பலம் கம்மியா இருக்குன்னு கேட்டார். சுபா அன்னிக்குக் காலையிலதான் வந்திருந்தா, என் பக்கத்துல நிக்கறா.

பத்து நாளா இருக்கும்னு சொன்னேன்.

ஏன் அப்படி வாயில வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. டாக்டர் எழுதிக்கிட்டார். கட்டியை எடுத்தாங்க. புற்று இல்ல, அது ஒரு ஆறுதல். ஆனா வலது கை திரும்ப வரல, பேச்சும் அரைகுறை. ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை. சரி, வேணாம், தண்ணி. மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதேம்மான்னு சுபாகிட்ட அந்த டாக்டர் சொல்லியிருக்கார். அவ வெளியில வந்து என்னைப் பார்த்தா. அப்பா, நிஜமாவே நீங்க எதுவும் பார்க்கலையான்னா. வீட்டுல நாள் பூரா கூட இருந்தவர் நீங்கதானேன்னா. பார்க்கலைம்மான்னு சொன்னேன். அப்புறம் அவ என்கிட்ட அதிகம் பேசறதில்ல. போன் பண்ணினா அம்மாகிட்ட கொடுங்கம்பா. அம்மாவால பேச முடியாது, இருந்தாலும் கொடுங்கம்பா. இவ போனைக் காதுல வச்சுக்கிட்டு சரி, சரின்னு சொல்லிட்டு இருப்பா.

அழுகை வரல தம்பி எனக்கு. ஆஸ்பத்திரியிலயும் வரல, இப்பவும் வரல. பல்லுக்கு ஊசி போட்டா உதடு இருக்கறதே தெரியாதில்ல, அந்த மாதிரி இருக்கேன். காலையில எழுந்து இட்லி ஊத்தறேன், அவளுக்கு ஊட்டறேன், ரெண்டு மாத்திரை, மத்தியானம் ரசம் சாதம். நாலு மணிக்கு அவளை இந்த நாற்காலியில உட்கார வச்சுட்டு வாக்கிங் போயிடுவேன். ஆறு மணிக்கு வருவேன். நாலு மணிக்கு இந்த ஹால்ல என்னால உட்கார முடியல. அவ எதுவும் சொல்ல மாட்டா. போயிட்டு வாங்கன்னு தலையை ஆட்டுவா.

இப்பப் பாருங்க, போன வாரம் சுபா போன் பண்ணினா. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன், ஒரு வாரம் இருப்பேன், அந்த கோல்ஃபு பெட்டியை எடுத்து வைங்கப்பா, அம்மாவை ஏதாவது ஆட வைக்கலாம், கைக்கு நல்லதாம்னா. வச்சிட்டேன் போனை.

இடம் அடைக்குதுன்னு சொன்னேனே, அது காரணமில்ல. நீங்க யாரோ, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? அந்தப் பெட்டிக்குள்ள ஒரு நாள்காட்டி இருக்கு. என்னிக்கு ஆடினோம், யாரு எத்தனை அடி, எல்லாம் தேதி போட்டு எழுதி வச்சிருக்கும். ஆடி பதினெட்டு வரைக்கும் அவ நாற்பது, நாற்பத்தொண்ணு. அன்னிக்கு ஐம்பத்திரண்டு. அப்புறம் ஐம்பத்தஞ்சு, அறுபது, அறுபத்தாறு. எந்தப் பொம்மை எந்தக் கையில ஆடுச்சுங்கறதுகூட இருக்கும். சுபா அதைத் திறந்தா ஒரு நிமிஷம் போதும். பத்து நாளாப்பான்னு கேப்பா. எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான்.

தமயந்திகிட்ட விக்கறேன்னு சொல்லல. சொன்னாலும் சரிம்பா. எல்லாத்துக்கும் சரிதான். அவளுக்கு இனிமே இது எதுக்கு?

ஆன் பண்ணிப் பாருங்க. குச்சியில பேட்டரி செத்திருக்கும், வேற கொண்டு வந்திருக்கீங்களா? எரியுதா? முதல் அமுக்குலேயே எரியுதே. அப்ப அது பழைய பேட்டரி, அந்தச் சரக்கு நின்னு பேசும். சத்தத்தைக் குறைங்க, எழுந்துடுவா. இதுதான் அந்தப் பாட்டு. கரடி கையாட்டுது பாருங்க. நாலரை மாசம் கழிச்சுப் பார்த்தாலும் அதே மாதிரி கையாட்டுது.

அந்தக் கட்டம் கட்டமா இருக்கு பாருங்க, அதுதான். அதைப் பூராவும் அழிச்சுடுங்க. நான் திறக்கவே இல்ல, திறந்து பார்க்கத் தெம்பில்ல. நீங்களும் படிக்க வேணாம், அழிச்சுட்டு எடுத்துட்டுப் போங்க.

என்ன தம்பி?

இல்ல, அது ஐப்பசியோட நின்னுருக்கும். உங்க கணக்குல அக்டோபர் கடைசி. மார்ச்சுலயா? தப்பு, பெட்டிக்குத் தேதி மாறிப் போயிருக்கும். கரண்டு அடிக்கடி போகுதில்ல. இன்னிக்குத் தேதி என்ன காட்டுது? சரியாத்தான் காட்டுது.

பின்னாடி போங்க. இன்னும் பின்னாடி. நவம்பர் காலி. டிசம்பர் காலி. அதுல என்ன, ஜனவரி இருபத்தெட்டு. ஒரே ஒரு ஆள் ஆடின ஆட்டம். மீசை இல்ல, கொண்டை. ஒன்பது குழிக்கு நூத்தி அஞ்சு அடி. மறுநாள் தொண்ணூத்தெட்டு. மறுநாளும் இருக்கா? கொஞ்சம் தள்ளுங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன். எண்பத்தொண்ணு. எழுபத்தேழு. ஒரு நாள்கூட விடல. மாசி பூரா இருக்கு. அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு. எல்லாம் நாலு மணிக்கு மேல, நாலு பத்து, நாலு பதினஞ்சு. நேத்து நாற்பத்தஞ்சு.

பொம்மை எந்தப் பக்கம் திரும்பி நிக்குது, பாருங்க. இடது கைதானே?

அந்த டைம்பீஸை எடுங்க தம்பி. பின்னால திறந்து பாருங்க. உள்ள இருக்கற பேட்டரி துருப்பிடிச்சிருக்கா? நான் போட்டது அது இல்ல. நான் போட்டது பச்சைக் கலர். குச்சியில இருக்கறது என்ன கலர்? பச்சையா? சரி. விடுங்க. சாமி அலமாரியில இருக்கறதைத் திறக்க வேணாம்.

ஒன்றரை மாசம். ஒரே வீட்டுக்குள்ள. கடைக்காரர்கிட்ட போய்ச் சண்டை வேற போட்டிருக்கேன். பெட்டி மேல தூசி இல்லைன்னு உங்ககிட்டப் பெருமையாச் சொன்னேன்.

தமயந்தி. எழுந்துட்டியா? சும்மா, தம்பி பெட்டியைப் பார்க்க வந்திருக்கார். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா வா. நான் வர்றேன் இரு. வேணாமா, சரி. தம்பி, பாட்டுச் சத்தம் கேட்டு எழுந்துட்டா போலிருக்கு. குச்சியைத்தான் கேக்கறா, கொடுங்க. இடது கையில வாங்கறான்னு தப்பா எடுத்துக்காதீங்க, அவளுக்கு.

என்ன சொல்றேன் நான்? ஒண்ணுமில்ல. கொடுங்க தம்பி.

அழிக்கவா வேணாமான்னு கேட்டுக்கிட்டு நிக்குதா, டி.வி.? அவளே அமுக்கட்டும். வேணாம்னு அமுக்கிட்டா. பாருங்க, எவ்வளவு பழக்கமா உள்ள போறா. ஏழாவது குழியை எடுக்கறா. நாற்காலியில சாஞ்சு நின்னுக்கிட்டு, கண்ணைச் சுருக்கறா பாருங்க. தமயந்தி, எப்பலேருந்து இது? தமயந்தி, எப்பலேருந்து?

கேட்டீங்களா தம்பி? என்ன சொன்னான்னு கேட்டுச்சா உங்களுக்கு? பேசாதீங்க, எதிர்க்காத்து அடிக்குதுங்கறா. மூணு வார்த்தை. ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுக்கு அப்புறம் சேர்ந்தாப்ல மூணு வார்த்தை இதுதான். அந்தத் தாள்ல ரெண்டாவது வரி, அடிக்கும்போது அடுத்தவங்க பேசக் கூடாது. நான் எழுதினதுதான். பேசாம இருப்போம்.

அடிச்சுட்டா. குளத்துக்கு மேல போகுது. தவளை தலையைத் தூக்கிப் பார்க்குது, பார்த்தீங்களா, அதுக்கு ஒண்ணும் கிடைக்கல. அந்தப் பக்கம் போய் விழுந்துடுச்சு. கரடி கொடியை ஆட்டுது. சிரிக்கறா. வாய் ஒரு பக்கமாத்தான் போகுது, இருந்தாலும் சிரிக்கறா. இப்படி அவ தினம் சாயங்காலம் ஒண்டியா நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கா, நான் குளத்தங்கரையில சிமெண்டு பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு ஆறு மணி எப்ப ஆகும்னு பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

உங்களை வீணா அலைய வச்சுட்டேன் தம்பி. பெட்டி விக்கறதுக்கில்ல. உங்க வீட்டம்மாகிட்ட அந்த வீட்டுல ஆடற ஆள் இருக்காங்கன்னு சொல்லிடுங்க. தண்ணியாவது குடிச்சுட்டுப் போங்க.

என்ன தமயந்தி? எனக்கா? என்னை ஆடச் சொல்றா. குச்சியை நீட்டறா பாருங்க, இடது கையில. கொடு. ரெண்டு பேர் ஆட்டமா மாத்திட்டியா? மாத்து. என் பொம்மை இன்னும் அதே மீசையோட இருக்கு.

ஒரு நிமிஷம் இருடி, இவரை அனுப்பிட்டு வர்றேன். தம்பி, அந்தத் தாள் இருக்குல்ல டி.வி. பக்கத்துல, போறப்ப அதைக் கிழிச்சுக் குப்பையில போட்டுட்டுப் போங்க. எனக்குக் கை எழும்ப மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை சுபா வருவா. இந்த நாள்காட்டியைத் திறந்து அவ கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே உட்கார வச்சுச் சொல்லிடணும். அதுக்கப்புறம் அவ என்கூடப் பேசினாலும் சரி, பேசாட்டாலும் சரி. பத்து நாள் இல்லைம்மா, எனக்குத் தேதியே தெரியும்னு சொல்லணும். ஆடி பதினெட்டு. நான் முதல் தடவை ஜெயிச்சேன்னு உனக்குப் போன் பண்ணினேனே, அன்னிக்கு.